இடது கட்டைவிரலை வையுங்கள்

பூட்டு உடையவில்லை என்று அமலி எத்தனை தடவை சொன்னாலும் அந்த அறையில் இருந்த இரண்டு பேரும் நம்புவதாக இல்லை. எப்படி நம்புவார்கள்? கொம்பையா தர்மபுரியில் ஒரு மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு நினைவில்லாமல் கிடக்கிறார். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, அரசாங்கமே ஒளித்துவைத்த மனிதரை யாரோ கச்சிதமாகத் தேடிப் பிடித்து, இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கப்புறமும் ஒருத்தி வந்து நின்று “பூட்டு பத்திரமாக இருக்கிறது” என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

“மறுபடியும் முதல்லேருந்து சொல்லுங்க அமலி,” என்றார் ரஹ்மத்நிஷா. சாட்சிகளைப் பாதுகாக்கும் போலீஸ் பிரிவின் டி.எஸ்.பி. அவர். விடிந்ததிலிருந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. “கணக்கெல்லாம் வேண்டாம். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“ஒருத்தர் விரல்ல ரேகை பிரியற இடம், முடியற இடம்னு கொஞ்சம் புள்ளிகள் இருக்கும் மேடம். அதை அப்படியே சேமிச்சா எவனாவது திருடிடுவான். அதனால பொய்ப் புள்ளிகளை ஆயிரக்கணக்குல அதோட கலந்துடறோம். அரிசியில கல்லைக் கொட்டிக் கலக்கற மாதிரி. எது அரிசி, எது கல்லுன்னு அந்த விரலே வந்து உட்கார்ந்தாதான் தெரியும். எங்களுக்கே தெரியாது. அதே ஆளுக்குப் புதுப்பேர்ல வேற கல்லைக் கலந்து குடுத்தா அது வேற மூட்டை. பழைய மூட்டையும் புது மூட்டையும் ஒரே ஆளோடதுன்னு எந்தக் கம்ப்யூட்டராலயும் சொல்ல முடியாது.”

“அப்புறம் எப்படிப் பிடிச்சானுங்க?”

அதுதான் அமலிக்கும் தெரியவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் இயக்குநர் வரதராசன் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாநில அடையாளப் பெட்டகத்துக்கு அவர்தான் தலைவர். ரேஷன் கடை, வங்கி, அரசு மருத்துவமனை என்று விரல் வைக்கிற இடம் எல்லாமே அவருடைய பொறுப்பு. அந்தப் பெட்டகத்துக்குப் பூட்டு செய்தவள் அமலி.

விஷயம் இதுதான். தெற்கே ஒரு வெடி ஆலையில் தீப்பிடித்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே பதினோரு பெண்கள் கருகிப்போனார்கள். பூட்டச் சொன்னது முதலாளிதான் என்று சொல்ல இரண்டே பேர் மிஞ்சினார்கள். காவலாளி கொம்பையா ஒருவர். கழிவறைக்குப் போயிருந்ததால் பிழைத்த முப்பிடாதி இன்னொருத்தி. நாளைக் காலையில் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். கொம்பையா எழுந்திருக்கும் நிலையில் இல்லை. அந்தச் செய்தி காதில் விழுந்ததுமே முப்பிடாதி, போலீஸ் கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள். போனையும் அணைத்துவிட்டாள். எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

“அவ பயந்தது நியாயம்தான்,” என்றார் ரஹ்மத்நிஷா. “நம்மளைவிட அவனுங்க முந்திக்கிட்டா நாளைக்குக் கேஸே இல்லை. அவளும் இல்லை.”

முப்பிடாதியின் விரலைப் பிடித்துக் கருவியில் வைத்தவளே அமலிதான். அன்றைக்கு அந்தப் பெண் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பயப்படாதீங்க, உங்க விரல் உங்ககிட்டயேதான் இருக்கும்” என்று சொல்லித்தான் பதிவு செய்தாள். விதிமுறையை மீறித் தன்னுடைய போன் நம்பரைக்கூட வாயால் சொல்லி மனப்பாடம் பண்ணவைத்தாள். இன்னொரு முன்ஜாக்கிரதையும் செய்தாள். முப்பிடாதி தானாக வலது கட்டைவிரலை நீட்டினாள். பழைய பெயரில் உள்ள பதிவு அந்த விரலில்தானே இருக்கிறது, எதற்கு வம்பு என்று அமலி அதைத் தள்ளிவிட்டு இடது கட்டைவிரலைப் பதிந்தாள். கணக்குப்படி அதற்கு அவசியமே இல்லை. ஒரு பூட்டுக்கு இரண்டு பூட்டாக இருக்கட்டுமே என்ற எண்ணம்தான். ஒளித்துவைத்த எல்லோருக்கும் அப்படியே விரலை மாற்றிவிட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

“கொம்பையாவை எங்கே மேடம் பிடிச்சாங்க?”

“ரேஷன் கடையில அரிசி வாங்கிட்டு வெளியே வந்திருக்கார். பின்னாடியே போயிருக்கானுங்க. ஒருத்தன் சிக்கிட்டான், ஆனா வாயே திறக்க மாட்டேங்கறான்.”

ரேஷன் கடை. அமலி எழுந்தாள். “சார், ஒரு மணி நேரத்துல வந்துடறேன்.”

“எங்கம்மா போறே, இந்த நேரத்துல?” என்று வரதராசன் கத்தியது லிஃப்ட் வரைக்கும் கேட்டது.

அலுவலகத்துக்குப் பின்தெருவிலேயே ஒரு ரேஷன் கடை இருந்தது. இத்தனை வருஷத்தில் அமலி அதற்குள் எட்டிப் பார்த்ததில்லை. மாநிலம் முழுக்க நாற்பதாயிரம் கருவிகளை ஓடவிட்டவள், ஒரு கருவி முன்னால்கூட வரிசையில் நின்றதில்லை. பெரிய இடத்து வேலை என்றால் அப்படித்தான்.

பைகளோடு நீளமாக வரிசை நின்றது. அவள் ஓரமாகச் சுவரில் சாய்ந்துகொண்டு கவனித்தாள். எந்த விரலைக் கொடுத்தோம் என்று ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள், திரையில் எழுத்து ஓடினாலும் பாதிப் பேருக்குப் படிக்க வராது என்பதால் கருவியைப் பேச வைத்ததும் அமலியின் யோசனைதான். தேன் ஒழுகுகிற ஒரு பெண் குரலைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்திருந்தார்கள்.

லுங்கி கட்டிய ஒருவர் கார்டை நீட்டினார். “இடது கட்டைவிரலை வையுங்கள்,” என்றது கருவி. தெருமுனை வரைக்கும் கேட்டது. அடுத்து ஒரு பெண். “வலது கட்டைவிரலை வையுங்கள்.” இன்னொரு பெண், வலது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் போல ஒருவர், காக்கிச் சட்டை, இடது. அடுத்த பெண்ணுக்கு வலது. ஆணுக்கு இடது. பெண், வலது. பெண், வலது.

அமலி சுவரிலிருந்து நிமிர்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். மாறவே இல்லை. ரஹ்மத்நிஷாவுக்குப் போன் போட்டாள்.

“மேடம், ஆம்பளைங்களுக்கு ஏன் இடது விரல்?”

“என்ன கேள்வி இது? கைநாட்டுன்னா ஆம்பளைக்கு இடது, பொம்பளைக்கு வலது. பத்திர ஆபீஸ், கோர்ட், ஸ்டேஷன், எல்லா இடத்துலயும் காலங்காலமா அதான் பழக்கம். உங்க பதிவு ஆளுங்களும் அதே பழக்கத்துல எடுத்திருப்பாங்க. நீங்க கைநாட்டு வெச்சதே இல்லையா?”

“இல்லை மேடம். எனக்குக் கையெழுத்துதான். வாடகை வீடு வேற. பத்திர ஆபீஸ் பக்கமே போனதில்லை.”

சொல்லும்போதே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கொம்பையா அன்றைக்குக் கேட்காமலே இடது கையை நீட்டினார். இடக்கைக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதை விலக்கி வலது கட்டைவிரலைப் பதிந்தாள். ஒளித்துவைத்த ஆண்களுக்கெல்லாம் வலது, பெண்களுக்கெல்லாம் இடது. ஊரே ஒரு பக்கம் இருக்க, பாதுகாக்க வேண்டியவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து இன்னொரு பக்கம் நிறுத்தியிருக்கிறாள். போதாக்குறைக்கு அதை ஒலிபெருக்கி வைத்து வேறு சொல்கிறது. எந்தப் பாவி மகனுக்கும் பூட்டை உடைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வரிசையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் போதும்.

“மேடம், சிக்கினவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கடையில நின்னு எதைக் கேட்டுக்கிட்டிருந்தேன்னு கேளுங்க.”

அவள் திரும்பி அலுவலகத்துக்கு வந்தபோது ரஹ்மத்நிஷா வாசலிலேயே நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“கேட்டதும் அவனுக்கு முகமே செத்துப்போச்சாம். கொட்டிட்டான். முதல்ல தற்செயலா நடந்திருக்கு. தர்மபுரியில வெடி விக்கிற ஒருத்தன், கடையில புதுசா வந்த ஒரு ஆம்பளைக்கு மட்டும் மெஷின் வலதுன்னு சொல்லுதேன்னு சிரிச்சுப் பேசியிருக்கான். கொம்பையாவைத் தேடிக்கிட்டிருந்த முதலாளி காதுக்கு அந்தப் பேச்சு போயிருக்கு. ஆலையில எடுத்த ஒரு பழைய க்ரூப் போட்டோவை வெச்சு ஒப்பிட்டுப் பார்த்திருக்கானுங்க. கொம்பையா மாட்டிக்கிட்டார். அதுலேயே அவனுங்களுக்கு விஷயம் விளங்கிடுச்சு. இன்னிக்குக் காலையில எல்லா ஊர் ஏஜெண்டுகளுக்கும் ஆர்டர் போயிருக்கு. இடதுன்னு மெஷின் கூப்பிடற பொம்பளையைப் பாருங்கன்னு.”

வெடி விற்கிற ஏஜெண்டு இல்லாத ஊர் எது? அமலி இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

மூன்று பேரும் மறுபடி அந்த அறைக்குள் உட்கார்ந்தார்கள். ரஹ்மத்நிஷா சுற்றி வளைக்கவில்லை. “அவனுங்க தேடற வழியிலயே நாமளும் தேடுவோம். எந்தெந்தப் பொம்பளைக்கு எந்தக் கடையில இடதுன்னு சொல்லுச்சுன்னு உங்க மெஷின்ல பதிவாகியிருக்குமில்ல?”

“இருக்கும். எந்தக் குரல் ஓடிச்சுன்னு ரிப்பேருக்காக எழுதி வெக்கும்.”

“அதை எடுத்துக் குடுங்க. ஒரு மணி நேரத்துல அவளைத் தூக்கிட்டு வந்துடறேன்.”

“முடியாது மேடம்.”

“என்னது?”

“அந்த மாதிரி இருக்கறவங்க முப்பிடாதி மட்டும் இல்லை. வெட்ட வர்ற புருஷன்கிட்டேருந்து ஓடி வந்தவங்க இருக்காங்க. சாதி மாறிக் கட்டிக்கிட்டு அப்பன் அண்ணனுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கற பொண்ணுங்க இருக்காங்க. நான் எடுத்தா எல்லாரும் ஒரே இடத்துல வந்துடுவாங்க. எங்க ஆபீஸ்ல ஒரு கை, உங்க ஸ்டேஷன்ல ஒரு கைன்னு மாறும். எவன் கையில போய்ச் சேரும்னு நீங்க உத்தரவாதம் குடுப்பீங்களா?”

“ஒருத்தி உயிர் ஊசலாடுது, நீங்க தத்துவம் பேசறீங்க!” ரஹ்மத்நிஷா மேஜையைத் தட்டினார். ஆனால் உத்தரவாதம் கொடுக்க அவராலும் முடியவில்லை.

அமலி இயக்குநர் பக்கம் திரும்பினாள். “சார், சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாக் கடையும் மூடுவாங்க. அந்த இடைவெளியில கடை, ஆஸ்பத்திரின்னு எல்லாக் கருவிக்கும் புது உத்தரவு அனுப்பிடலாம். இனிமே இடதும் கிடையாது, வலதும் கிடையாது. ஆணோ பெண்ணோ, எல்லாரும் ரெண்டு கட்டைவிரலையும் ஒண்ணொண்ணா வைக்கணும். எது சரியான விரல்னு மெஷின் உள்ளுக்குள்ள பார்த்துக்கும். வெளியே நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

“சோதனை பண்ணாம அனுப்பறதா? கமிட்டி இருக்கு, நடைமுறை இருக்கு. மாசக் கடைசி. ஒரு கடை நின்னாலே டிவிக்காரன் மைக்கைத் தூக்கிட்டு வந்துடுவான். என் வேலை போயிடும்மா!”

“கொம்பையா விரலை நான் மாத்தினப்போ நீங்க பக்கத்துலதான் சார் நின்னீங்க. நல்ல யோசனைன்னு சொன்னீங்க.”

புது உத்தரவு கிளம்ப வேண்டுமானால் இரண்டு அதிகாரிகளின் விரல் வேண்டும். அதுவும் அமலி போட்ட சட்டம்தான். அவள் தன் விரலை வைத்துவிட்டுக் கருவியை வரதராசன் பக்கம் தள்ளினாள். கமிட்டி, கமிட்டி என்று முனகிக்கொண்டே அவர் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. வியர்வை. சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு. “சே!” என்று ரஹ்மத்நிஷா தன் கைக்குட்டையை எடுத்து, அந்தப் பெரிய மனிதரின் கட்டைவிரலைக் குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்துவிட்டார். பச்சை எரிந்தது.

“குரல்?” என்றார் வரதராசன். “ரெண்டு விரலையும் வைக்கச் சொல்லி நம்மகிட்ட பதிவு இல்லையே. கம்ப்யூட்டர் குரல் போட்டுடலாமா?”

முப்பிடாதி எங்கே இருக்கிறாள் என்று அமலிக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஆனால் இன்று பிற்பகல் மாநிலத்தில் எந்த வரிசையில் அவள் போய் நின்றாலும் ஒரு கருவி பேசும். அவளைத் தேட முடியாவிட்டால் என்ன, கூப்பிடலாமே!

“நானே பேசறேன் சார்.”

“உங்க குரலா? உங்களுக்குத் தொண்டை வேற கட்டியிருக்கே.”

“எப்பவும் அப்படித்தான் சார் இருக்கும். அவளுக்குத் தெரிஞ்ச குரல் இதுதான்.”

மைக் முன்னால் உட்கார்ந்து, நாகர்கோவில் இழுப்பு கொஞ்சமும் மறையாமல், அமலி பேசினாள்: “ரெண்டு கட்டைவிரலையும் ஒண்ணொண்ணா வையுங்க. பயப்படாதீங்க, உங்க விரல் உங்ககிட்டயேதான் இருக்கும். சந்தேகம் இருந்தா உங்களைப் பதிவு பண்ணினவங்களைக் கூப்பிடுங்க.”

“போச்சு,” என்று ரஹ்மத்நிஷா முதல் தடவையாகச் சிரித்தார். “நாளையிலேருந்து நீங்க மீன் மார்க்கெட்ல வாயைத் திறந்தாக்கூட ஊரே திரும்பிப் பார்க்கும்.”

கடைகள் மறுபடி திறந்தன. அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமா? கூப்பிடச் சொன்னதும் கூப்பிட்டுவிட்டார்கள் ஜனங்கள். பதிவு மையங்களில் எல்லாம் போன் அலறியது. ஏன் ரெண்டு விரல், ரெண்டு விரல் வைத்தால் ரெண்டு பங்கு பருப்பு கிடைக்குமா, ஒரு கையில் கட்டு போட்டவர் என்ன செய்வது, அந்தத் தேன் குரல் பொண்ணை ஏன் வேலையிலிருந்து தூக்கினீர்கள். எல்லாம் வந்தது. அமலியின் சொந்த போன் மட்டும் மேஜையில் கிடந்த கிடையில் கிடந்தது.

நேரம் போகப் போக அவளுக்கு நம்பிக்கை கரைந்தது. காலையிலேயே எங்காவது விரல் வைத்திருந்தால்? காலையிலேயே எவனாவது கேட்டிருந்தால்? அந்த விவரத்தை எடுத்துக் கொடுத்திருந்தால் இந்நேரம் ஜீப் போயிருக்குமே, நான் யார் மறுக்க என்று தோன்றியது. எதிரே ரஹ்மத்நிஷா அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததால் அவர் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது. வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கடைகள் மூடுகிற நேரம் நெருங்கியது.

போன் அடித்தது. தெரியாத எண்.

“மேடம்?” மூச்சு வாங்குகிற குரல். “மிசின்ல பேசுதது நீங்கதான?”

அமலி எழுந்து நின்றுவிட்டாள். “நான்தான், முப்பிடாதி. எங்கேன்னு சொல்ல வேண்டாம். பத்திரமா இருக்கீங்களா?”

“காய்ச்சலு மேடம். பெரியாஸ்பத்திரியில சீட்டு வாங்க வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேருதான் இருந்தாவ. தூண் பக்கத்துல ஒருத்தன் காலையிலேருந்து நிக்கான்னு பக்கத்துல ஒரு அக்கா சொல்லிச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்பத்தான் உங்க குரல் கேட்டுச்சு. அன்னைக்கு நீங்க சொன்ன அதே பேச்சு.”

“விரலை வெச்சீங்களா?”

“வெச்சேன். எல்லாரும் ரெண்டு கையையுமில்லா வெக்காவ. அவன் ஒவ்வொருத்தர் கையையா பாக்கான், ஒண்ணும் விளங்காம முழிக்கான். நான் அவனைத் தாண்டித்தான் மேடம் வந்தேன். இப்ப வெளிய ஒரு டீக்கடை அம்மா போன்லேருந்து பேசுதேன்.”

அமலி போனை ரஹ்மத்நிஷாவிடம் நீட்டினாள். அவர் வாங்குவதற்கு முன்னால் அமலியின் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். அமலி மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் முப்பிடாதி கோர்ட்டில் நின்று, யார் பூட்டச் சொன்னது, என்ன வார்த்தையில் சொன்னது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். உள்ளே இருந்த பதினோரு பேரின் பெயரையும் சொன்னாள். முதலாளியின் ஜாமீன் ரத்தானது. அவளுக்குப் புதுப்பெயர், புது ஊர், புதிதாகக் கலந்த கல் என்று இன்னொரு மூட்டை கட்டிக் கொடுத்தாள் அமலி. இந்தத் தடவை அவள் நீட்டிய விரலையே பதிந்தாள்.

அமலியின் குரலும் ஊரில் பிரபலமாகிவிட்டது. பிள்ளைகள் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளைப் போலப் பேசி விளையாடின. கீரை விற்கிற அம்மா, “கட்டு எவ்வளவு?” என்று கேட்ட மாத்திரத்திலேயே அவளை அடையாளம் கண்டுபிடித்து, “ரெண்டு கட்டைவிரலையும் வைக்கணுமாம்மா?” என்று சிரித்து, கொத்தமல்லி கொசுறு போட்டாள். அமலிக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். அலுவலகம் விட்டு வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றாள். போன் அடித்தது. எண் தெரியாதது.

“ஹலோ, யாருங்க?”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“யாருன்னு சொல்லுங்க. முப்பிடாதியா?”

“நீதானா அந்த மெஷின் குரல்,” என்றான் ஒருவன், நிதானமாக. “உங்க ஆபீஸ்ல ஒவ்வொருத்தரையா போன்ல பேச வெச்சுக் கேட்டோம். இப்பத்தான் கிடைச்சே.” போன் வைக்கப்பட்டது.

அமலி அப்படியே நின்றாள். ரஹ்மத்நிஷாவுக்குப் போன் செய்ய வேண்டும். செய்வாள். ஒளித்துவைக்கிறேன் என்று அவர் சொல்வார். புதுப்பெயர் வரும், புது ஊர் வரும். இந்த விரல் போனால் இன்னும் ஒன்பது விரல் இருக்கிறது, கலக்கக் கல்லுக்கும் பஞ்சமில்லை. ஆனால் குரலுக்கு எதைக் கலப்பது? நாற்பதாயிரம் கருவியில் நாள் முழுக்க ஓடுகிறதே! நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் மறுபடி இடது, வலது என்று ஆரம்பித்துவிடும். புதுக் குரல் போடலாம்தான், ஆனால் கேட்டுவிட்ட காதுகளிலிருந்து இந்தக் குரலைத் திரும்ப வாங்க அவளிடம் எந்தச் சாவியும் இல்லை. எதிர்ச் சாரியில் பைக்கில் சாய்ந்து நின்ற இரண்டு பேர் அவளைப் பார்க்கிறார்களா, சும்மா நிற்கிறார்களா என்று தெரியவில்லை.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. “எங்கம்மா போகணும்?”

அமலி வாயைத் திறந்தாள். பைக் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, போனில் இடத்தின் பெயரைத் தட்டி அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

ஓட்டுநர் அதைப் படித்தார். பேச்சு வராத பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி, ஒவ்வொரு வார்த்தையாக மெதுவாகச் சொன்னார்: “பயப்படாம ஏறுங்கம்மா. பத்திரமா கொண்டுபோய் விட்டுடறேன்.”